எந்த ஓ.எஸ். போடட்டும்?

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் நோய்கள் ஆயிரம் உண்டு, வைத்தியம் ஒன்றுதான்: எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓ.எஸ்.ஸை மறுபடி போடுவது.

இந்த வைத்தியத்தை நான் கற்றுக்கொண்டது தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த கடையில். கடை சேவியர் அண்ணனுடையது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டிப்ளமோ சர்டிபிகேட்டோடு போய் நின்ற என்னிடம் ஒரு ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார். சரியான பக்கத்தைப் பிடித்தேன். வேலை கிடைத்துவிட்டது. முதல் நாள் அவர் சொன்ன பாடமும் சின்னதுதான். ஓ.எஸ். என்பது கம்ப்யூட்டரை நடத்துகிற அடிப்படை மென்பொருள். அதில் வீட்டுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று, பழைய மெஷினுக்கு ஒன்று, புது மெஷினுக்கு ஒன்று என்று பல பதிப்புகள். குறுவைக்கான விதையைச் சம்பாவில் தெளித்தால் என்ன கிடைக்குமோ, பதிப்பை மாற்றிப் போட்டால் அதுதான் கிடைக்கும்.

இதைப் படிக்கிற நீங்களும் ஒரு முறையாவது அந்த நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, சதவீதம் ஏறுவதைப் பார்த்தபடி, கல்யாண போட்டோவெல்லாம் எந்த டிரைவில் இருந்தது என்று யோசித்திருப்பீர்கள். உங்களிடம் எனக்கு ஒளிவுமறைவு இல்லை.

ஹோம் என்றால் வீடு

பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் மண்டி. மண்டியில் ஒரு கம்ப்யூட்டர், குடோனில் ஒரு கம்ப்யூட்டர். இரண்டையும் ஒரு சர்வரோடு சேர்க்க வேண்டும். விற்றவர்கள் இரண்டிலும் ஹோம் பதிப்பைப் போட்டிருந்தார்கள். ஹோம் அந்தச் சர்வரோடு சேராது, புரொபஷனல்தான் சேரும். புரொபஷனல் சி.டி. தட்டோடு போய் இறங்கினேன். மண்டி முதலாளி என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "சர்வீஸ்காரரு வண்டிய நிறுத்திட்டு வர்றாராம்மா?" என்றார். "நான்தாங்க சர்வீஸ்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது. "ஹோமுன்னா வீடு. எனக்குத் தெரியும்மா. மண்டிக்கு வேணும்னுதானே கேட்டேன்? வீட்டுச் சாமான எதுக்குக் குடுத்தான்?" லாரிச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி, அப்படியானால் இவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு மண்டிக்கு வேறு வாங்கலாமே என்றார். பெட்டி அதேதான், உள்ளே இருப்பதைத்தான் மாற்றப்போகிறேன் என்று புரியவைக்க ஒரு டீ குடிக்கும் நேரம் ஆயிற்று. மூன்று மணி நேரமும் முதலாளி உட்காரவே இல்லை. மட்டை உரிக்கிற ஆளைப் பார்ப்பதுபோலப் பின்னால் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். குடோனில் இறங்கிய லோடு மண்டித் திரையில் தெரிந்ததும் திருப்தியாகத் தலையாட்டினார்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து போன். குரல் தணிந்திருந்தது. காலேஜ் லீவுக்கு வந்த மகன், விளையாடுவதற்காக மண்டிக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான்.

"புரொபஷனல வீட்டுக்குக் கொண்டாந்துட்டாம்மா. ஒண்ணும் ஆயிடாதே?"

அசல்

தஞ்சாவூரில் ஒரு பத்திர எழுத்தர். எல்லோரும் ஐயா என்பார்கள், நானும் அப்படித்தான். அவர் கம்ப்யூட்டரில் யாரோ நகல் ஓ.எஸ். போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் திரையின் மூலையில், இந்தப் பிரதி அசல் அல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு தொழில் என்றால் விட்டுவிடலாம். இங்கே நிலம் வாங்க வருகிறவர்கள் மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் நீட்டிவிட்டு நிமிர்ந்தால், எதிரே 'அசல் அல்ல'. ஐயா அந்த மூலையில் தினசரி காலண்டர் தாள் ஒன்றை ஒட்டி மூன்று வாரம் சமாளித்தார். பிறகு புரொபஷனல் பதிப்பின் அசல் தட்டையே வாங்கிவந்து என்னைக் கூப்பிட்டார்.

தட்டைப் போட்டதும் உரிம ஒப்பந்தம் வரும். பக்கம் பக்கமாக இருக்கும். நாங்கள் அதற்கு ஒரு விநாடி கொடுப்போம். என் விரல் பட்டனுக்குப் போகும்போது ஐயா, "நிறுத்தும்மா, என்னது அது?" என்றார். ஒப்பந்தம் என்றேன். எல்லோரும் சம்மதம் என்று அமுக்கிவிடுவார்கள் என்றும் சொல்லித்தொலைத்தேன். "படிக்காமயா?" என்று கேட்டு என்னை எழுப்பிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே இரண்டு பார்ட்டிகள் காத்திருந்தார்கள். சாட்சிக்கு வந்தவர்கள் சாப்பிடப் போய்விட்டு வந்தார்கள். ஐயா ஒரு தாளில் குறிப்பெடுத்தபடி கடைசி வரி வரைக்கும் படித்தார். என் அனுபவத்தில் அதைப் படித்த ஒரே மனிதர் அவர்தான். முடித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"இது கிரயம் இல்லம்மா, குத்தகை. உள்குத்தகைக்கும் விடக் கூடாதுன்னு போட்டிருக்கான். முப்பது வருஷமா எழுதறேன், இப்படி ஒரே பக்கமா சாயுற பத்திரத்த நான் எழுதினதே இல்ல. சரி, அமுக்கு."

அந்தோணி காணாமல் போனார்

இது என் தப்பு. மறைக்கப்போவதில்லை. ஒரு பங்குக் கோவிலில் ஞானஸ்நானப் பதிவேடு மழைத் தண்ணீரில் நனைந்து பாழாகிக்கொண்டிருந்தது. உபதேசியார் இரண்டு வருஷம் உட்கார்ந்து அத்தனை பெயரையும் கம்ப்யூட்டரில் தமிழில் தட்டி ஏற்றினார். ஏற்றி முடித்த கையோடு குவைத்துக்குப் போய்விட்டார். பிறகு கோவிலுக்கு ஒரு ஸ்கேனர் வந்தது. பழைய ஓ.எஸ்.ஸில் அது ஓடாது, புதுப் பதிப்பு வேண்டும் என்றார்கள். நான் எல்லாக் கோப்புகளையும் பத்திரமாக சி.டி.யில் எழுதி எடுத்துவிட்டு, அழித்துவிட்டு, புதுசு போட்டேன். ஸ்கேனர் ஓடியது. பதிவேட்டைத் திறந்தேன். அந்தோணி என்று இருந்த இடத்தில் எம், ஈ, ஒரு அரைப்புள்ளி, என், ஜே, எச், இஜட், பி என்று இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் அதே கதியில் இருந்தார்கள். அந்தக் காலத்துத் தமிழ் அப்படித்தான். தட்டிய அதே எழுத்துரு மெஷினில் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். கோப்பை எடுத்த நான் எழுத்துருவை எடுக்கவில்லை.

பங்குச்சாமியார் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலாம். அவர் நிதானமாக, வெள்ளிக்கிழமை ஒரு பெண் ஞானஸ்நான சர்டிபிகேட் வாங்க வருவாள் என்றார். அந்தப் பெண் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்குத் தாள் கொடுக்கச் சனிக்கிழமை கடைசி நாள். அவள் பெயர் இருந்த பக்கம் பழைய புத்தகத்தில் ஒட்டிக்கொண்டு கூழாகிவிட்டது. அன்று புதன். எழுத்துருவின் பெயர் திரையிலேயே தெரிந்தது, ஆனால் எங்கள் கடையில் அது இல்லை. வியாழன் முழுக்க தஞ்சாவூரில் டி.டி.பி. சென்டர் சென்டராக ஏறி இறங்கினேன். எல்லோரிடமும் வேறு ஏதோ ஒரு எழுத்துரு இருந்தது. மத்தியானம் சாப்பிடவில்லை. அந்த நர்ஸின் முகம் எனக்குத் தெரியாது, ஆனாலும் நாள் முழுக்க அவள் என் முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் கீழவாசலில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு அச்சகத்தில் கிடைத்தது. 'நிகழும் மங்களகரமான' என்று அடித்துக்கொண்டிருந்த அதே எழுத்து. பிளாப்பியில் வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போனேன். எழுத்துருவை ஏற்றியதும் அந்தோணி திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் அத்தனை பேரும் வந்தார்கள். பத்து மணிக்கு வந்த நர்ஸுக்கு நடந்தது எதுவும் தெரியாது. தாளை வாங்கிக்கொண்டு, சாமியாரிடம் ஜெபித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வாரம் நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வேறு பாவம் எதையும் சொல்வதற்கு முன் இதைத்தான் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் குரல் வந்தது.

"பத்து 'அருள் நிறைந்த மரியே' சொல்லும்மா. அப்புறம் ஒரு பேக்கப்."

பி ஃபார் பூதலூர்

ஒவ்வொரு பதிப்புக்கும் இருபத்தைந்து எழுத்தில் ஒரு சாவி எண் உண்டு. அதைப் போனில் சொல்வது தனிக் கலை. ஒரு பள்ளிக்கூடத்து கிளார்க் அங்கே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் கடையிலிருந்து எண்ணைப் படிக்கிறேன். "பி" என்றால் "எந்த பி?" என்கிறார். பட்டுக்கோட்டை பி ஒன்று, பூதலூர் பி ஒன்று என்று பிரித்துக்கொண்டோம். டி-க்குத் தஞ்சாவூர் ஒரு பக்கம், டெல்லி ஒரு பக்கம். இப்படியே கும்பகோணம், மன்னார்குடி, ராஜகிரி, வல்லம் என்று ஜில்லாவையே ஒரு சுற்று சுற்றி இருபத்தைந்தையும் ஏற்றினோம். ஏற்கவில்லை. மறுபடி பட்டுக்கோட்டையிலிருந்து புறப்பட்டோம். ஏற்கவில்லை. மூன்றாவது முறைதான் அவர் கையில் இருந்த தட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஹோம் என்றார். நான் படித்துக்கொண்டிருந்தது புரொபஷனலுக்கான எண்.

"அப்ப ரூட்டு சரியாத்தான் மேடம் இருக்கு. பஸ்ஸு மாறிப்போச்சு."

காதுகுத்து வீட்டில் அறுபத்து நாலு பிட்

கவிதா என்ற பெண் காலை பத்தரைக்குக் கடைக்குப் போன் செய்தாள். இன்ஜினீயரிங் கடைசி வருஷம். என் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. அம்மா மாரியம்மா நடவு வேலைக்குப் போகிறவர், அப்பா இல்லை. ஒரு கம்பெனியின் ஆன்லைன் தேர்வு அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு. முந்தின நாள் ராத்திரி சரிபார்த்தபோதுதான் தேர்வு மென்பொருள் அவள் லேப்டாப்பில் ஏறாது என்று தெரிந்திருக்கிறது. அதற்கு அறுபத்து நாலு பிட் ஓ.எஸ். வேண்டும், அவளிடம் இருந்தது முப்பத்திரண்டு. ஒன்றை மற்றொன்றாக மாற்ற வழியில்லை. அழித்துவிட்டுத்தான் போட வேண்டும். சேவியர் அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்ல, நான் ஸ்கூட்டியில் ஆற்றங்கரை ரோட்டைப் பிடித்தேன்.

பதினொன்றே காலுக்கு ஆரம்பித்தேன். முப்பத்தொரு சதவீதத்தில் கரண்ட் போனது. லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துப்போனது, திரையும் போனது. பழையது அழிந்தாயிற்று, புதியது வரவில்லை. இப்போது அந்தப் பெட்டியில் முப்பத்திரண்டும் இல்லை, அறுபத்து நாலும் இல்லை. டிரான்ஸ்பார்மர் போய்விட்டது, சாயங்காலம்தான் வரும் என்று தெருவில் சொன்னார்கள். கவிதா அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்போது அடுத்த தெருவில் மைக்செட் பாட்டு மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருப்பதை மாரியம்மா கவனித்தார். "அங்க ஜெனரேட்டர் ஓடுது" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பை முந்தானையில் சுற்றிக்கொண்டு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

அது ஒரு காதுகுத்து வீடு. மாரியம்மாவுக்கு அங்கே அழைப்பு இல்லை. ஆனாலும் நேராகப் போய்க் குழந்தையின் தாய்மாமன் முன்னால் நின்று, "எம்மவளுக்குப் பரீச்சைங்க, கொஞ்சம் கரண்ட் வேணும்" என்றார். தாய்மாமன் மைக்செட்காரரைப் பார்த்தார். மைக்செட்காரர் ஆம்ப்ளிபயருக்குப் பின்னாலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்தார். மடியில் லேப்டாப்போடு ஒரு பக்கம் நான், மறுபக்கம் காது குத்துகிற ஆசாரி. அறுபத்து நாலு சதவீதத்தில் குழந்தை வீறிட்டது. யாரோ என் கையிலும் கல்கண்டு கொடுத்தார்கள். ஒன்றரைக்கு எல்லாம் ஏறி, நெட் டாங்கிளும் வேலை செய்தது. அடுத்த சிக்கல் சத்தம். தேர்வின்போது கேமராவும் மைக்கும் திறந்திருக்க வேண்டும், பேச்சுக் குரல் கேட்டால் தகுதி நீக்கம். தாய்மாமன் மைக்கை வாங்கி, "ஒரு மணி நேரத்துக்கு யாரும் பேசப்படாது, சாப்பிடறவங்க சைகையிலயே கேளுங்க" என்று அறிவித்தார். பாட்டு நின்றது. சீர்த்தட்டுகள் அடுக்கியிருந்த அறையில், கல்கண்டுக்கும் ஆப்பிளுக்கும் முன்னால் உட்கார்ந்து கவிதா பரீட்சை எழுதினாள். வெளியே நூறு பேர் சத்தமில்லாமல் சாம்பார் கேட்டார்கள். மாரியம்மா வாசலிலேயே நின்று, குழந்தைகள் வந்தால் கையைக் காட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

வேலை கிடைத்தது. கவிதா இப்போது பெங்களூரில் இருக்கிறாள். ஆர்டர் வந்த அன்று மாரியம்மா ஸ்வீட் பாக்ஸோடு தாய்மாமன் வீட்டுக்கும் போனார், மைக்செட்காரர் வீட்டுக்கும் போனார், கடைசியாக எங்கள் கடைக்கு வந்து மைக்செட்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

"இத்தன வருசமா பாட்டுப் போட்டிருக்கேன், ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல. போடாததுக்கு ஸ்வீட் வாங்கினது இதான் மொதத் தடவ."

சீனத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஞானமுத்து ஐயா விவசாயி. சிங்கப்பூரில் இருக்கும் மகன், ஊருக்கு வந்த நண்பன் கையில் ஒரு பழைய லேப்டாப் கொடுத்தனுப்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் ஐயாவும் அவர் மனைவியும் அதன் முன்னால் உட்கார்ந்து பேத்தியைப் பார்ப்பார்கள். இரண்டு வருஷம் இது ஒழுங்காக நடந்தது. பிறகு மகன் லீவில் வந்தான், லேப்டாப்பைத் திறந்தான், தலையில் கைவைத்தான். உள்ளே முழுக்கச் சீன மொழி. அங்கே யாரோ பயன்படுத்தியது. ஒரே மொழியில் மட்டும் ஓடுகிற பதிப்பு, அமைப்பில் போய் மொழியை மாற்ற முடியாது. அப்பாவை இத்தனை நாள் இப்படி விட்டுவிட்டோமே என்று அவனுக்கு வெட்கம். என்னைக் கூப்பிட்டு ஆங்கிலப் பதிப்பு போடச் சொன்னான். போட்டேன். அவன் நிம்மதியாகச் சிங்கப்பூர் போனான்.

அடுத்த ஞாயிறு பேத்தி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஐயா வீட்டு அம்மாதான் எனக்குப் போன் செய்தார். போய்ப் பார்த்தால் லேப்டாப்பில் ஒரு கோளாறும் இல்லை. ஐயா அதை ஒரு துண்டால் மூடி வைத்திருந்தார். என்னங்க ஆச்சு என்று கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றார். பிறகு சொன்னார். சீனத்தில் இருந்தபோது அவருக்கு ஒரு வழி இருந்தது. மூன்றாவது படம், அப்புறம் பச்சைப் பொட்டு, அப்புறம் வீட்டுக்கூரை மாதிரி ஒரு எழுத்து, அதை அமுக்கினால் பேத்தி. நடுவில் என்ன பெட்டி வந்தாலும் வலது பக்கத்தை அமுக்குவார், போய்விடும். இப்போது அதே பெட்டிகள் ஆங்கிலத்தில் வருகின்றன. ஐயா எட்டாவது வரை படித்தவர். எச்சரிக்கை என்கிறது, ஆபத்து என்கிறது, நிச்சயமாகவா என்று கேட்கிறது. அவருக்கு எதிலும் நிச்சயமில்லை. அமுக்காமல் மூடிவிடுகிறார்.

எல்லாவற்றையும் மறுபடி சொல்லிக்கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். அவர் கை மவுஸின் மேல் நடுங்கியதைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அந்த லேப்டாப்பில் பழைய ஓ.எஸ்.ஸின் மூலப் பிரதி ஒரு மறைவான பகுதியில் இருந்தது. நல்லவேளை, நான் அதைத் தொடவில்லை. முக்கால் மணி நேரத்தில் சீனம் திரும்பி வந்தது. பேசும் மென்பொருளை ஏற்றி, படங்களை அவர் சொன்ன வரிசையிலேயே அடுக்கினேன். ஐயா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாவது படம், பச்சைப் பொட்டு, கூரை எழுத்து. நடுவில் ஏதோ ஒரு பெட்டி குறுக்கே வந்து நின்றது. பார்க்கக்கூட இல்லை, வலது பக்கம் ஒரு அமுக்கு. பேத்தி வந்தாள். அம்மா எனக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். மகனிடம் இதை நாங்கள் யாரும் சொல்லவில்லை. கிளம்பும்போது ஐயா வாசல்வரை வந்தார்.

"அது என்ன சொல்லுதுன்னு தெரியாத வரைக்கும் எனக்கு ஒரு பயமும் இல்லம்மா. படிக்க முடிஞ்சதும்தான் கை நடுங்கிடுச்சு."

சரியான பதிப்பு என்பது ஒருவருக்குக் கை பழகிய பதிப்புதான். எங்கள் தொழிலில் உள்ள ஒரே சங்கடம், வேலையின் முதல் படியாக நாங்கள் அதைத்தான் அழிக்கிறோம்.